விளிம்பில் நின்ற இளவரசர்

வெகு காலத்துக்கு முன்னால் பவளக்கோட்டை என்ற நாட்டைக் கனகசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வெற்றிலையை வாயில் போடும்போது ஒரு கட்டளை, துப்பும்போது இன்னொரு கட்டளை.

ஒருநாள் தர்பாரில் குட்டி இளவரசர் சிம்மாசன மேடைமேல் தவழ்ந்து விளையாடினார். விளிம்புக்கு வந்ததும் சட்டென்று நின்றார். கையால் தட்டிப் பார்த்தார், கீழே எட்டிப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வீலென்று அழுதுகொண்டு பின்வாங்கிவிட்டார்.

இதற்காகவே காத்திருந்தவர்போல் சேனாதிபதி மல்லையர் தன் மகனைக் கொண்டுவரச் சொன்னார். அவனுக்கும் அதே வயதுதான். விளிம்பில் உட்காரவைத்ததும் கீழே பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்து, அப்படியே முன்னால் சாய்ந்தான். சேவகன் பாய்ந்து பிடித்தான்.

"பார்த்தீர்களா மகாராஜா! பயம் என்ன விலை என்று கேட்கிறான் என் சிங்கம்!"

ராஜாவுக்கு மீசை துடித்தது. "என் வம்சத்தில் ஒரு பயந்தாங்கொள்ளியா? ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போகட்டும். சேனாதிபதி மகனை நான் தத்தெடுக்கிறேன்!"

திரைக்குப் பின்னால் ராணி விம்மினாள். அதைக் கேட்ட மந்திரி திருவேங்கடர் முன்னால் வந்தார். அவர் வீட்டிலோ பிள்ளைகள் ஒரு பட்டாளம். தவழும் பிள்ளையைப் பற்றி அவரிடம் யாரும் கதைவிட முடியாது.

"சேனாதிபதியாரே, பையன் நன்றாகத் தவழுவானோ?"

"என் மகன் தரையில் கை ஊன்றுவதா? ஆள் மாற்றி ஆள் இடுப்பில்தான் வளர்கிறான்!"

மந்திரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மகாராஜா, நாளைக்கு நாடாளப் போகிறவர் நாட்டு மண்ணைத் தொடாமல் இருக்கலாமா? பொங்கல்வரை அரண்மனை முற்றத்தில் தவழட்டும். தத்து, தாய்வீடு எல்லாம் அதற்குப் பிறகு ஆகட்டும்."

ராஜா தலையசைத்தார். மல்லையருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொங்கலும் வந்தது. சேனாதிபதி மகன் இப்போது ஆயாக்களுக்கெல்லாம் தண்ணி காட்டிக்கொண்டு தவழ்ந்து திரிந்தான். மேடையில் விட்டதும் விறுவிறுவென்று வந்தவன், விளிம்பில் நின்றான். தட்டிப் பார்த்தான். எட்டிப் பார்த்தான்.

"வாடா சிங்கம், வா!" என்று மல்லையர் கர்ஜித்தார். அந்த முகத்தைப் பார்த்த பிள்ளை தர்பாரே அதிர அழுதான்.

"என்ன மந்திரி, இவனுக்கும் பயம் வந்துவிட்டதே!"

"புத்தி வந்துவிட்டது மகாராஜா. இடுப்பில் இருக்கிற பிள்ளைக்குப் பள்ளம் வெறும் வேடிக்கை. தானே தவழ்ந்து திரிகிற பிள்ளைக்குத்தான் அது பள்ளம். நம் இளவரசர் அன்றைக்கு விளிம்பில் நின்று உங்களிடம் யோசனை கேட்டார். நீங்கள் முறைத்தீர்கள்."

"நானா?"

"இப்போது கொஞ்சம் சிரித்துப் பாருங்கள்."

ராஜா மேடைப் படிக்கட்டின் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆயா மேடையில் விட்ட இளவரசர் விளிம்புக்கு வந்தார். அப்பாவைப் பார்த்தார். மெல்லத் திரும்பிப் புட்டத்தை முன்னே தள்ளி, காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கி, அப்பாவின் மடியில் வந்து விழுந்தார்.

தர்பார் ஆரவாரித்தது. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவனையா அனுப்பப் பார்த்தேன்! ராணியிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

மல்லையர் மெல்ல நழுவப் பார்த்தார். ராஜா விடவில்லை.

"எங்கே ஓடுகிறீர், சேனாதிபதியாரே? உம் பிள்ளை இன்னும் மேலேதான் அழுகிறான். சிரித்த முகத்தோடு கூப்பிடும். அவனாக இறங்கி வரும்வரை கர்ஜனை கூடாது!"

அந்த முகத்தில் சிரிப்பை வரவழைப்பதற்குள் சாப்பாட்டு வேளையே தாண்டிவிட்டது. கடைசியில் பிள்ளை ஒருவழியாக இறங்கி வந்து, தாடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். அப்போதுதான் மல்லையர் யாரும் சொல்லாமலே சிரித்தார்.