வீராயி மூடிய காலி இடம்

எறும்பும் சிலந்தியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் இலந்தை மரத்தடியில் நாற்பத்து மூன்று எறும்பு வளைகள் இருந்தன. வளைக்கு இருபத்தாறு பேர். மழைக்காலம் முழுக்க உள்ளேயே கிடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தினை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், அதுவும் இல்லையென்றால் சாவுதான். எத்தனை தினை சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர்க் கணக்கு.

கணக்குப் போடுகிறவள் நல்லக்காள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்கிறவள் அவள் தங்கை வீராயி. நடக்கிற வரிசையில் துளி இடைவெளி தெரிந்தாலும் வீராயிக்குப் பொறுக்காது. "முன்னால நகருங்கடி" என்று முட்டித் தள்ளி மூடினால்தான் அவளுக்கு நிம்மதி.

பெருக்குவதற்கு அன்றைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். கறையான் ஓர் எண்ணை இரட்டித்துக்கொண்டே போய், வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கூட்டுவான். சிலந்தி குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, நூல்கள் வெட்டும் இடங்களை எண்ணுவான். எறும்புகள் மண்ணில் கல் அடுக்குவார்கள்.

நல்லக்காள் நாற்பத்து மூன்றை முதலில் ஆறால் பெருக்கினாள். இருநூற்று ஐம்பத்தெட்டு. வலது ஓரத்தில் ஒன்றுகளுக்கு எட்டுக் கல், அதற்கு இடப்பக்கம் பத்துகளுக்கு ஐந்து, அதற்கும் அப்பால் நூறுகளுக்கு இரண்டு. அடுத்தது இருபது. இரண்டால் பெருக்கினால் எண்பத்தாறு. ஆனால் அவை எண்பத்தாறு பத்துகள் அல்லவா? அதனால் இரண்டாவது வரிசையில் வலது ஓரத்தைக் காலியாக விட்டு, ஓர் இடம் தள்ளி ஆறு கல்லும் அதற்கடுத்து எட்டுக் கல்லும் வைத்தாள். பிறகு மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது என்று பார்க்க மேட்டில் ஏறினாள்.

அந்த நேரம் பார்த்தா வீராயி வர வேண்டும்! வரிசையின் ஓரத்தில் ஒரு காலி இடம்.

"அட கண்றாவியே, அக்காவுக்கு ஒரு வரிசை ஒழுங்கா வைக்கத் தெரியலையே!" என்று கற்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து வலது ஓரத்தோடு சேர்த்தாள். பாவி, நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

மழை நெருங்கிவிட்ட பதற்றத்தில் ஓடி வந்த நல்லக்காள், கல் இருந்தது இருந்தபடியே கூட்டினாள். எண்பத்தாறு பத்துகள் வெறும் எண்பத்தாறாகிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. முந்நூற்று நாற்பத்து நான்கு.

நாலே நாளில் தினை சேர்த்து முடித்துவிட்டார்கள். கிளையில் இருந்த சிலந்தி குனிந்து பார்த்தான்.

"ஏ புள்ளைகளா, ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு வேணும். நூல் கட்டி எண்ணிட்டேன். கறையானும் அதையேதான் சொல்றான்."

நல்லக்காள் தயங்கினாள். "வீராயி, இன்னொரு தடவை போட்டுப் பார்த்துடட்டுமா?"

"நம்மளத் தின்கிறவன் பேச்சையா கேக்குறே? இன்னும் பத்து நாள் நாம வெளியே அலைஞ்சா யாருக்குக் கொண்டாட்டம்? உள்ளே வாக்கா."

நல்லக்காளுக்கும் அது சரியென்றே பட்டது. சிலந்தி எறும்பு தின்கிறவன்தான், அதை யார் இல்லையென்றது? ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது சத்தியமான உண்மை.

மழை பிடித்தது. வளை வளையாகப் பங்கு கொடுத்துக்கொண்டு போனாள் வீராயி. பதின்மூன்று வளைகளுக்குக் குறைவில்லாமல் வந்தது. பதினாலாவது வளையில் ஆறு பேருக்குக் கொடுத்ததும் தினை தீர்ந்துவிட்டது. அதற்கப்பால் இன்னும் இருபத்தொன்பது வளைகள். முதலில் "எங்க பங்கு எப்ப வரும்?" என்று எல்லாரும் கேட்டார்கள். நாளாக ஆகக் கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

நல்லக்காள் இருந்தது கடைசி வளையில். கும்மிருட்டில் வீராயி அங்கே தடவித் தடவிப் போனாள். கிடந்த ஒவ்வொருத்தி முகத்தையும் தன் மீசையால் தொட்டு, "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டாள். இருபத்தைந்து முகங்கள் சில்லிட்டுக் கிடந்தன. கடைசி முகம் மட்டும் அசைந்தது.

"வீராயி, அந்த ஓரத்துல ஒரு இடம் விட்டுத்தானே வச்சேன்?"

"நான்தான்க்கா மூடினேன்."

வீராயி மறுபடி தொட்டபோது அந்த முகமும் சில்லிட்டிருந்தது.

மழை விட்டு வெளியே வந்தவர்கள் முந்நூற்று நாற்பத்து நான்கு பேர். வீராயிக்கு அழக்கூடத் தெம்பில்லை. எதிரே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தினாள், முகத்தைத் தொட்டாள், கேட்டாள். அவர்களும் அப்படியே அடுத்தவளைக் கேட்டார்கள்.

எவ்வளவு அவசரமாக ஓடினாலும், எத்தனை பெரிய சுமையைத் தூக்கினாலும், எதிரே வரும் எறும்பை ஓர் எறும்பு நிறுத்தி முகம் தொட்டு, "இருக்கியா? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நகர்வது அன்று முதல்தான்.