தவிட்டைத் தின்றது யார்?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கடல் கடந்து வந்த வணிகர்கள் அவருக்கு நான்கு வெள்ளைப் பன்றிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கொழுகொழுவென்று இருந்த அவற்றைப் பார்த்ததும் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"நம் நாட்டுக் கறுப்புப் பன்றிகளும் இப்படி வளர வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு தவிடு போடுங்கள்" என்று உத்தரவிட்டார்.

ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தார்கள். கறுப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது வெள்ளை. மடைப்பள்ளி அதிகாரி அனந்தமூர்த்தி உடனே எழுந்தார்.

"அரசே, ஒரே அளவு தின்றால் ஒரே எடை இருக்க வேண்டும். எடை குறைந்தால் தீனி திருட்டுப் போயிருக்கிறது என்று பொருள். திருடன் இந்தப் பன்றி மேய்க்கும் சடையன்தான்."

சடையன் கும்பிட்டான். "ஒரு பிடி தவிடு எடுக்கலீங்க சாமி. வெள்ளை தின்னுட்டுப் படுத்துக்கும். கறுப்பு ஒரு எடத்துல நிக்காதுங்க. மண்ணக் கிளறும், ஓடும், சண்ட போடும். தின்னதெல்லாம் அதுலயே போயிடுது. அதோட வாகு அப்படிங்க."

சபையே சிரித்தது. விகடகவி மருதப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "இவன் சொல்வது நியாயமாகப் படுகிறது, அரசே" என்றான்.

மருதப்பன்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அனந்தமூர்த்திக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்படியானால் உண்மையான திருடனை மருதப்பனே நாளைக்குள் பிடித்துத் தரட்டும். தவறினால் சடையனோடு சேர்ந்து அவரும் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். தவிட்டுக்காக இரண்டு பேரை நாடு கடத்துவதா என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அரண்மனையில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. விஷத்துக்குப் பயந்து, ராஜா உண்ணும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் மடைப்பள்ளி அதிகாரி அதே அளவு முதலில் உண்டு காட்ட வேண்டும். மறுநாளும் இருவரும் உண்டு கை கழுவினார்கள். அப்போது நான்கு ஆட்கள் ஒரு பெரிய தராசைத் தூக்கி வந்தார்கள். மருதப்பன் ராஜாவை வணங்கி ஒரு தட்டில் உட்காரச் சொன்னான். மறு தட்டில் அனந்தமூர்த்தி உட்கார்ந்தார். ராஜா விருட்டென்று மேலே போய்விட்டார்.

"அரசே, பன்னிரண்டு ஆண்டுகளாக இருவரும் ஒரே அளவு உண்கிறீர்கள். எடை குறைந்தால் திருட்டு என்பது அதிகாரி சொன்ன சட்டம். தங்கள் எடையோ அவர் எடையில் பாதிகூட இல்லை. தங்கள் இலையிலிருந்து திருடியவர் எதிர்த்தட்டில் இருக்கிறார்."

ராஜாவின் சோற்றைத் திருடினால் தலை போகும். அனந்தமூர்த்திக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஒரு பருக்கையும் தொட்டதில்லை, அரசே. என் உடல்வாகு அப்படி, உண்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. தாங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வேட்டை, வாட்பயிற்சி, உட்கார்ந்தாலும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். உண்டது அதிலேயே போய்விடுகிறது."

"இதையேதான் நேற்று சடையன் சொன்னான்" என்றான் மருதப்பன். "ஆனால் அவன் கறுப்புப் பன்றியைப் பற்றிச் சொன்னான். அதிகாரி யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ராஜா தன் காலைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தட்டு ஊஞ்சலாடியது.

இறங்கியதும் தன் பட்டுச் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார். கறுப்புப் பன்றிகள் எல்லாவற்றையும் சடையனுக்கே கொடுத்தார். அனந்தமூர்த்தியை ஒரு மாதம் அவற்றை மேய்க்க அனுப்பினார். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, வழக்கமான அளவு தினமும் மேய்ச்சல் காட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

மாதம் முடிந்து சபைக்கு வந்த அனந்தமூர்த்திக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அவருடைய சோற்றை யார் திருடினார்கள் என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.