வரிசையை நிறுத்திய கயிறு

“கம்பெனிக்காரனைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா, சாமியம்மா?”

செண்பகவல்லி இன்னும் உட்காரக்கூட இல்லை. மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் செண்பகத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் ஊரே அவளிடம்தான் வந்து கேட்கும்.

மலைமேல் எஸ்டேட் பிள்ளைகளுக்குச் செண்பகம் வீட்டிலிருந்தே நெட்டில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். மலைக்கு நெட் கொடுப்பது ஒரே கம்பெனி. இந்த வருஷம் அந்தக் கம்பெனியே டியூஷனும் ஆரம்பித்துவிட்டது. அதன் வகுப்பு தண்ணீராக ஓடுகிறது. செண்பகத்தின் வகுப்பில் மட்டும் படம் நின்று, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்களும் இந்த மாதம் தாங்கினால் அதிசயம்.

நெட்டில் ஒருவரை ஓடவிட்டு இன்னொருவரை நிறுத்தக் கூடாது என்று சட்டம் போடலாமா என்று சர்க்கார் நாளைக்கு ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறது. கேபிள் போட்டவன் இஷ்டம் என்கிறது கம்பெனி. அவள் கொழுந்தனோ, கலவரம் என்றால் ஊர் முழுக்க நெட்டை அணைக்கிற சர்க்கார் கையிலா சாவியைக் கொடுக்கப் போறீங்க அண்ணி என்று சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டுப் போனான். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

“நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்? சட்டம் வேணும்னா, வேண்டாம்னா?”

சாமியம்மா கீரையை ஒதுக்கி வைத்தாள்.

“கோயிலுக்குப் போயிட்டு வருவோம்.”

அன்று கிருத்திகை. தர்ம தரிசன வரிசை தெப்பக்குளத்தையும் தாண்டி நின்றது. சாமியம்மா அதன் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

செண்பகத்துக்கு அந்தப் பொறுமை ஏது? வெயில் வேறு. சிறப்பு தரிசனச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். சிறப்பு வரிசைக்காரர்களை உள்ளே விட்டான். தர்ம வரிசையை அப்படியே நிறுத்தினான்.

செண்பகம் கும்பிட்டுவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தாள். உச்சிகால மணி அடித்தது. நடை சாத்திவிட்டார்கள்.

கைக்குழந்தைக்காரிகளும் மொட்டைத் தலைகளுமாகத் தர்ம வரிசை கலைந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. அவர்களோடு சாமியம்மாவும் தரிசனம் கிடைக்காமல் திரும்பி வந்தாள்.

“கயிறு பிடிச்சிட்டு நின்னானே, அவன் யாரு ஆளு?”

“கோயில் நிர்வாகத்து ஆளு.”

“நிர்வாகம்?”

“சர்க்காரோடது.” சொன்னதும்தான் செண்பகத்துக்குக் கொழுந்தன் கேட்டது நினைவுக்கு வந்தது. “அப்போ சட்டம் வேண்டாம்னு சொல்லிடவா? பிள்ளைங்களைக் கம்பெனிக்காரனுக்கே விட்டுடவா?”

சாமியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ளே என்ன வேண்டிக்கிட்டீங்க?”

சாத்திக் கிடந்த கோயில் கதவைச் செண்பகம் பார்த்தாள். கையில் சிறப்பு தரிசனச் சீட்டு கசங்கியிருந்தது.

“எல்லாருக்கும் ஒரே வரிசை வேணும்னு.”