மருதாயி காய்ச்சிய உப்பு

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். அரசர்கள் யானைமேல் ஊர்வலம் போன காலம் அது. அந்த யானைகளும் ஏற முடியாத ஒரு மலையில், மேகம் வந்து படுத்துப் போகிற உயரத்தில், கூதல்மேடு என்று ஒரு சிற்றூர் இருந்தது.

கூதல்மேட்டில் சாமை விளையும். பாறையிடுக்கில் தேன் கிடைக்கும். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். உப்பு மட்டும் கிடையாது. அது கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும். வருவதற்கு இருந்ததோ ஒரே வழி. அதில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அடைமழை பிடித்துக்கொண்டால் அந்த வழியும் மூடிப்போகும். பிறகு மழை ஓயும்வரை யாரும் ஏற முடியாது, யாரும் இறங்க முடியாது.

அந்த வழியில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு உப்பு கொண்டுபோனவள்தான் மருதாயி. கீழ்நாட்டில் உவர்மண்ணைக் கரைத்து உப்பு காய்ச்சும் குடியில் பிறந்தவள். புருஷன் இறந்தபின் அவன் கழுதைகளையும் அவன் பாதையையும் தனதாக்கிக்கொண்டாள். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஏறுவாள். உப்பைக் கொட்டுவாள், மிளகை அள்ளுவாள், இறங்கிவிடுவாள். மலைக்காரர்களை அவள் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் வீடு திரும்பிய பிறகு அவர்களில் ஒருவர் முகமும் அவளுக்கு நினைவில் இருந்ததில்லை.

ஓர் ஆண்டு மழை முந்திக்கொண்டது.

மருதாயி பாதி மலை ஏறியிருந்தாள். வானம் இருண்டது, காற்று ஊளையிட்டது, மேலேயிருந்து மண் சரிந்தது. கழுதைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த வழியே ஓடின. உப்பு மூட்டைகள் உருண்டு ஓடையில் விழுந்தன. மருதாயி ஒரு மரத்தின் வேரைப் பிடித்துத் தொங்கினாள். அவள் கால் முறிந்திருந்தது. மூட்டைகள் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே, தொண்டை வறளும்வரை கத்தினாள்.

அந்தச் சத்தம் கூதல்மேட்டுக்குக் கேட்டது. ஊரே கயிறுகளோடு இறங்கி வந்தது. அவளைத் தூக்கி, கம்பளியில் தொட்டில் கட்டி, வழுக்கும் பாறைகளில் மாறி மாறித் தோள் கொடுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஒரு வீட்டார் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஒரு வீட்டார் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்கள். காரி என்ற பெண் தன் குடிசையில், அடுப்போரத்தில், படுக்க இடம் கொடுத்தாள். அவளுக்குப் புருஷன் வெள்ளையன், மகள் நீலி. நீலிக்கு அப்போதுதான் பால்பற்கள் விழ ஆரம்பித்திருந்தன.

மழை பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. விறகு நனைந்து புகைந்தது. வாசலுக்கு வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. மருதாயிக்குச் சும்மா படுத்துச் சாப்பிடுவது கூச்சமாக இருந்தது. காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் காரியிடம் நீட்டினாள்.

"இதை வச்சுக்க, காரி. நான் தின்னதுக்கு ஈடாகாது. ஆனாலும் வச்சுக்க."

காரி சிரித்தாள். "அதைப் போட்டுக்கிட்டு நான் யார் கல்யாணத்துக்குப் போறது அக்கா? கஞ்சி ஆறுது, குடி."

தினமும் கஞ்சி வந்தது. சாமைக் கஞ்சி, அளவாக உப்புப் போட்டது. மருதாயி தினமும் குடித்தாள். ஒருநாளும் எதையும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் காரியும் வெள்ளையனும் மாட்டைத் தேடி வெளியே போயிருந்தார்கள். நீலி பசியென்று சிணுங்கினாள். மருதாயி நகர்ந்துபோய், வீட்டாருக்கென்று இருந்த பானையிலிருந்து கஞ்சி மொண்டு, சூடு பார்க்க ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் நம்பாமல் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள்.

கஞ்சியில் ஒரு கல் உப்பு இல்லை.

"ஏன் கண்ணு, இதுல உப்பு போடலியா?"

"எங்க கஞ்சியில உப்பு கிடையாது பெரியம்மா," என்றாள் நீலி. "எல்லார் வீட்டு உப்பையும் மூங்கில் குழாயில ஒண்ணாச் சேர்த்து அம்மாகிட்ட குடுத்துட்டாங்க. அது உனக்கு. அடிபட்டவங்க உப்பில்லாம சாப்பிடக்கூடாதாம்."

மருதாயி பிறந்ததிலிருந்து உப்பின் நடுவிலேயே வாழ்ந்தவள். மூட்டை மூட்டையாக விற்றவள், காலில் மிதிபட்டதைக் கூட்டித் தள்ளியவள். அன்றுதான் உப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. பானையைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதாள்.

மாலையில் காரியும் வெள்ளையனும் நனைந்துகொண்டு வந்தார்கள். "மாடெல்லாம் பெரிய பாறைக்கு அடியில நின்னு மண்ணை நக்குது அக்கா," என்றான் வெள்ளையன். "மழை படாத இடம். கடமான்கூட அங்கேதான் வந்து நக்கும். அடிச்சு ஓட்டினாலும் நகர மாட்டேங்குது."

மருதாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்துட்டு வாப்பா," என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தான். அவள் நாக்கின் நுனியில் வைத்தாள். சந்தேகமே இல்லை. நல்ல உவர்மண். மலை தன் மடியிலேயே உப்பை வைத்திருந்தது. எடுக்கும் விதம் மட்டும் அந்த ஊருக்குத் தெரியவில்லை.

சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஏனென்றால் அவள் புருஷனின் தம்பி பொன்னாண்டி அடிக்கடி சொல்வது காதில் ஒலித்தது: "மலைக்காரனுக்குக் காய்ச்சத் தெரிஞ்சுட்டா, அப்புறம் நம்மளை எவன் தேடுவான் மதினி?" உண்மைதானே? உப்பு போனால் மிளகு போகும். மிளகு போனால் அவள் பிழைப்பு போகும். கழுதைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அன்று கஞ்சி வந்தது. பேசாமல் குடித்தாள். மறுநாளும் வந்தது. தலை நிமிராமல் குடித்தாள். அதற்கு மறுநாள் காரி மூங்கில் குழாயைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. குழாயில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரைச் சொட்டு மிச்சமில்லாமல் மருதாயியின் கஞ்சியில் ஊற்றினாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் சப்புன்னு இருக்கும் அக்கா. கோவிச்சுக்காதே."

மருதாயி கலயத்தைக் கீழே வைத்தாள்.

"காரி, உங்க ஊர் மூப்பரைக் கூப்பிடு. அடியில ஓட்டை போட்ட பானை ஒண்ணு வேணும். வைக்கோல் வேணும். காய்ஞ்ச விறகு எங்க இருந்தாலும் எடுத்து வரச் சொல்லு."

ஊர் கூடியது. மருதாயி அடுப்போரத்தில் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, மற்றவர்கள் செய்தார்கள். ஓட்டைப் பானையில் வைக்கோலைப் பரப்பி, பாறையடி மண்ணைக் கொட்டி, நீர் விட்டார்கள். கலங்கல் மேலே நின்றது; தெளிவு சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. அதைக் கொதிக்க வைத்தார்கள். முதலில் காய்ச்சியது கசந்தது. நீலி துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"முழுசாச் சுண்ட விட்டது தப்பு," என்றாள் மருதாயி. "உப்பு அடியில படிஞ்சதும் மேல நிக்கிற கசப்புத் தண்ணியை வடிச்சுக் கொட்டணும்."

மறுபடி காய்ச்சினார்கள். கசப்பை வடித்தார்கள். பானையின் அடியில் பழுப்பாக, பொலபொலவென்று உப்பு நின்றது. மூப்பர் ஒரு கல் எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இதைச் சொல்லிக் குடுத்துட்டியே தாயி. இனி நீ எதை விப்பே?"

"தெரியல மூப்பரே," என்றாள் மருதாயி. "ஆனா இனி எந்த மழையிலயும் இந்த ஊரு உப்பில்லாம சாப்பிடக் கூடாது."

அன்று கூதல்மேட்டில் எல்லா வீட்டிலும் உப்புப் போட்ட கஞ்சி. மருதாயி தன் வாழ்நாளில் அப்படி வயிறு நிறைந்து உண்டதில்லை.

மழை ஓய்ந்தது, கால் எலும்பு கூடியது, வழி திறந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய் ஊர் எல்லையில் விட்டார்கள். கழுதைகள் அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தன. நடந்ததைக் கேட்டுப் பொன்னாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "பிழைக்கத் தெரியாதவளே!" என்றான்.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்னால், மருதாயி வெறும் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலை ஏறினாள். விற்க ஒன்றுமில்லை. காரியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏற ஏற ஒரு பயம்: உப்புக்காரிக்கு இனி இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ?

வளைவிலேயே நீலி பார்த்துவிட்டாள். "பெரியம்மா வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஊரே வாசலுக்கு வந்தது.

"ஏன் அக்கா, கழுதைங்க சுமையில்லாம வருது?" என்று காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அரிவாளெல்லாம் தேஞ்சு கிடக்கு. பானை வேணும், ஊசி வேணும். கீழ யாரோடதை வாங்குறது, யாரை நம்புறதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? உன்னைத்தானே எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்!"

அன்றிலிருந்து மருதாயியின் கழுதைகள் அரிவாளும் பானையும் ஊசியும் சுமந்து ஏறின, மிளகும் தேனும் சுமந்து இறங்கின. உப்பு விற்ற காலத்தைவிட அவள் வீடு செழித்தது. ஒவ்வொரு வேளையும், முதல் கவளம் வாயில் வைக்குமுன், மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிடுவாள்.

ஆகையால் மனதில் வையுங்கள்: நமக்கு உதவியவர்கள் இனி நம் கையை எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போனாலும், நாம் அறிந்ததை ஒளிக்காமல் கொடுப்பதே உண்மையான நன்றி.