எறும்புகள் குரலைக் கொடுத்த பேரம்

அந்தக் காலத்தில் எறும்புக்கும் குரல் இருந்தது. சும்மா குரலா அது! மழைத் தவளைகூட வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். எதிரெதிரே வருகிற எறும்புகள் ஒன்றையொன்று நின்று பார்ப்பதே கிடையாது. ‘எங்க போறே, என்ன கிடைச்சுது’ என்று ஓடுகிற ஓட்டத்தில் கத்திவிட்டு, பதிலைக்கூடக் கேட்காமல் போய்விடும்.

வன்னி மரத்தடியில் கட்டெறும்புகளின் வளை ஒன்று இருந்தது. அதில் வீம்பன் என்று ஒரு சிப்பாய். செடிப்பேன்களிடம் தேன்துளிக்குப் பேசுவதா, அணில் சிந்துகிற தானியத்தில் பங்கு கேட்பதா, கூப்பிடு வீம்பனை என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த வித்தை இல்லை; ஏமாந்து, உதைபட்டு, மறுபடி ஏமாந்து கற்றுக்கொண்டது. கோபம் மட்டும் எப்போதும் மூக்குநுனியில் நிற்கும். அந்தக் கோபம் அவனுக்கு வாங்கிக்கொடுத்ததும் உண்டு, பிடுங்கிக்கொண்டதும் உண்டு.

ஒரு வருஷம் மாமரத்து முசுறு எறும்புகள் இறங்கி வந்து, வயலுக்குப் போகிற வரப்பை மறித்துக்கொண்டன. வரப்பு இல்லாவிட்டால் வளைக்குப் பட்டினி. சண்டைக்குப் போனார்கள். வீம்பனோடு அவன் பங்காளி உமியனும் போனான். உமி அளவுதான் இருப்பான், ஆனால் அவன் கடித்தால் பிடி விடாது.

சண்டை உச்சத்தில் இருக்கும்போது வீம்பன் மடைத்தண்ணீரில் சறுக்கிவிட்டான். உமியன் பாய்ந்து அவன் பின்னங்காலைக் கவ்வி மேலே இழுத்தான். இழுத்து வரப்பில் போட்ட அதே நொடியில், பின்னால் வந்த ஒரு முசுறு உமியனின் கழுத்தை நறுக்கியது. உடம்பு தண்ணீரோடு போயிற்று. தலை மட்டும் பிடியை விடவில்லை.

கட்டெறும்புகள் ஜெயித்தன. போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வீம்பன் திரும்பினான், காலில் உமியனின் தலையோடு.

வாசல் காவல்காரன் மொட்டையன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் தம்பியும் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன்தான். “அதை வெட்டி எறிஞ்சுட்டு உள்ள வாடா.”

“என் காலு, என் பாரம். உனக்கு எங்கே வலிக்குது?”

“நடந்தா இழுபடுதேடா!”

“இழுபடட்டும். நான் இழுபட்டப்ப அவன் விட்டானா?”

அதற்குமேல் யாரும் அவனிடம் வாய்கொடுக்கவில்லை. வளைக்கெல்லாம் தாயான ஆத்தா மட்டும் உள்ளிருந்தபடி ஓர் உத்தரவு போட்டாள். “செத்தவன் பேரை இந்த வளைக்குள்ள எவனும் எடுக்கப்படாது. முட்டைக்குள்ள இருக்கிறதுகளுக்கும் காது உண்டு. அதுங்க பயந்து பொறந்தா அடுத்த சண்டைக்கு நான் எங்க போய் ஆள் தேடுறது?”

சண்டையிலிருந்து திரும்பியவர்கள் எருக்கஞ்செடி நிழலில் கூடுவார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். மற்றவர்கள் அவனையே பார்ப்பார்கள். உடனே, “வெயில் ஏறிடுச்சு” என்று சொல்லி எழுந்துவிடுவான். வீம்பனுக்கு அந்த உத்தரவு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. பேரைச் சொல்லாதவரைக்கும் உமியன் செத்தவன் கணக்கில் சேரமாட்டான் அல்லவா?

அறுப்பு முடிந்து வெயில் காயத் தொடங்கிய சமயம். உச்சிப்பொழுது, அவனவன் நிழல் அவனவன் காலடியில் ஒடுங்குகிற நேரம். வீம்பன் ஒரு நெல்லைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வரப்பில் இவ்வளவு கூட்டம் எப்படி வந்தது என்று அவனுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. அவனைத் தாண்டி ஒருவன் போனான். வாயில் நெல் இல்லை. ஆனால் நெல்லைத் தூக்கியவன் மாதிரியே தலையை நிமிர்த்தி, கால்களை அகட்டி நடந்தான். சருகின் மேல் ஏறினான். சருகு சத்தம் போடவில்லை.

“யாருடா நீ?” என்று கத்தினான் வீம்பன். அவன் திரும்பவில்லை. வாசலில் மொட்டையன் தடுக்கப் போய், அவன் மேல் பட்டதும் விறைத்து நின்றுவிட்டான்.

அவர்கள் உள்ளே போனார்கள். யாரையும் கடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. போன வருஷம் எப்படியோ அப்படியே வேலை பார்த்தார்கள். முட்டைகளை வாரியெடுத்தார்கள், துடைத்தார்கள், சூடான அறைக்கு மாற்றினார்கள். ஆசையோடுதான் தூக்கினார்கள். தூக்கிய முட்டையெல்லாம் ஈரமண் மாதிரிக் குளிர்ந்து சுருங்கிப் போயிற்று. வெயில் சாய்ந்ததும் ஒருவரையும் காணோம்.

மறுநாள் உச்சியிலும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மிஞ்சியது ஒரே ஓர் அறை முட்டைதான்.

ஆத்தா வீம்பனைக் கூப்பிட்டாள். அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. “நீதானே பெரிய பேரக்காரன். என்ன கேட்டாலும் குடுத்து அனுப்பிடு. அந்த அறைக்குள்ள மட்டும் விட்டுடாதே.”

வீம்பன் வாசலில் போய் நின்றான். உச்சி வந்தது. வெளிச்சத்துக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். முன்னால் வந்தவனுக்கு மட்டும் முகம் இல்லை. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல், முன்னங்கால்களால் தரையைத் தடவித் தடவி வந்தான்.

“வழி விடு பங்காளி,” என்றது ஒரு குரல். வந்தது எதிரேயிருந்து இல்லை, வீம்பனின் காலிலிருந்து.

வீம்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். என்றாலும் வியாபாரம் வியாபாரம்தானே. “என்ன வேணும்?”

“என்ன வேணுமா? வேலைக்கு வந்திருக்கோம்.”

“உங்களுக்கு இங்க வேலை இல்லடா. நீங்க செத்துட்டீங்க.”

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிலிருந்த தலை மெல்லச் சிரித்தது. “யார் சொன்னா? எங்க பேரைச் சொல்லி ஒருத்தராவது அழுதாங்களா? மடையோரம் கிடந்து காது குடுத்துக் கேட்டோம். ஒரு பேரும் வரலை. பேரே சொல்லாம நாங்க எப்படிடா செத்திருப்போம்?”

வீம்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “சரி, சொல்றோம். வருஷத்துக்கு ஒரு நாள், எல்லாரும் கூடி நின்னு, மரியாதையா.”

“மத்த நாளெல்லாம்?” என்றது தலை. கூட்டம் ஓரடி உள்ளே வைத்தது.

“மாசத்துக்கு ஒருக்கா.”

இன்னும் ஓரடி. வாசல் மண் குளிர்ந்தது.

“ஏய், நில்லுங்கடா! தினம் ஒரு வேளை. இதுக்கு மேல யாரு குடுப்பா?”

இன்னும் ஓரடி. பின்வாங்கிக்கொண்டே வந்த வீம்பனின் முதுகு அறைச்சுவரில் முட்டியது. சுவருக்குப் பின்னால் முட்டைகள். அவனுக்குப் பேரத்தில் இப்படி இடமில்லாமல் போனது கிடையாது.

“கேட்டுக்கோ,” என்றான். “எங்கள்ல ரெண்டு பேரு எதிரெதிரே வந்தா, எவ்வளவு அவசரமானாலும் நிப்போம். உங்கள்ல ஒருத்தன் பேரைச் சொல்லிட்டுத்தான் நகருவோம். இனிமே பொறக்கிறதும் அப்படியே செய்யும். பொழுது இருக்கிற வரைக்கும்.”

கூட்டம் நின்றது. “நாங்க வழியில நடந்துக்கிறோம். வாசலைத் தாண்ட மாட்டோம்,” என்றது தலை. பிறகு, “ஆனா வாய்ப்பேச்சு நாளைக்கு மாறிடும் பங்காளி. சும்மா கத்திக்கிட்டு ஓடுற ஜனம் நீங்க. எங்க பேரையும் அப்படித்தான் கத்திட்டு ஓடுவீங்க. இதுக்கு என்ன பிணை?”

இத்தனை இறங்கி வந்த பிறகுமா பிணை? வீம்பனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“நம்பிக்கை இல்லைன்னா எங்க குரலையே எடுத்துக்கிட்டுப் போங்கடா! எல்லார் குரலையும்! அப்பவாவது திருப்தியா?”

சொல்லி முடித்ததும் வெளியே காற்று நின்றது.

“முடிஞ்சுது பேரம்,” என்றது தலை.

ஐயோ, கோபத்தில் வந்த சொல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. உள்ளே ஆத்தா எதையோ அலறுவது தெரிந்தது, சத்தம் இல்லை. வளை முழுக்க வாய்கள் திறந்து திறந்து மூடின. அவ்வளவு பெரிய வளையில் அன்று மண் உதிர்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கூட்டம் நகராமல் காத்து நின்றது. முதல் பேர் இன்னும் வரவில்லை.

எந்தப் பேரைச் சொல்ல வேண்டும் என்று வீம்பனுக்குத் தெரியும். சொன்னால் அவன் செத்தவனாகிவிடுவான் என்றும் தெரியும். மெதுவாக உடம்பை வளைத்தான். காலைக் கவ்வியிருந்த முகத்தில், தலையிலிருந்து நீண்ட தன் மீசையை வைத்தான். குரல் இல்லாமல், தொட்டுத் தொட்டு, சொன்னான்: உமியா.

பிடி விட்டது. தலையில்லாதவன் குனிந்து, நெல்மணியைத் தூக்குகிற மாதிரி பதமாகத் தன் தலையைத் தூக்கிக்கொண்டான். திரும்பி நடந்தான். மற்றவர்களும் அவன் பின்னால் போனார்கள்.

வீம்பன் ஒரு கால் லேசாகிவிட்டதை உணர்ந்தபடி மொட்டையனிடம் போனான். அவன் முகத்தில் மீசையை வைத்து, அவன் தம்பி பேரைச் சொன்னான். மொட்டையன் எதிரே வந்தவளிடம் திரும்பி, அவள் முகத்தைத் தொட்டான்.

எந்தச் சுவரோரத்திலும் பாருங்கள், எறும்பு தலைபோகிற அவசரத்தில் ஓடும். ஆனாலும் எதிரே வருகிறதன் முகத்தைத் தொடாமல் தாண்டாது. அது அன்று பேசி முடித்த பேரம். உச்சிவெயிலில் இன்னொன்றும் பார்க்கலாம். எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தில் ஓர் எறும்பு சட்டென்று நிற்கும். வெறும் காற்றை மீசையால் தொடும். பிறகு ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டுப் போகும்.