தாகத்துக்கு எந்த ஓலை?

ஒரு காலத்திலே கோடைக்கரை என்கிற நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு நினைப்பு, மாலையில் ஒரு நினைப்பு. நினைத்ததையெல்லாம் சட்டமென்று ஓலையில் எழுதி முத்திரை குத்திவிடுவான். அப்படி அறுநூறு ஓலை சேர்ந்துவிட்டது, போங்கள்! அத்தனையையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் சபைப் பண்டிதர் பஞ்சநதம். அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவாது. மந்திரி இளங்குமணரைக் கண்டால் மட்டும் வயிறு எரியும்.

ஒருநாள் மருத்துவச்சி சீனியம்மாவைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். குயவர் தெருவில் நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ரத்தப்போக்கு நிற்காமல் சாகக் கிடந்தாள். சீனியம்மா மருந்து கொடுத்துக் கருவைக் கலைத்தாள். அன்றைக்கே அவளைப் பிடித்துச் சிறையில் போட்டு, நாலு நாளாகிவிட்டது.

"தாயைப் பிழைக்க வைக்கக் கருவைக் கலைக்கலாம் என்று எந்த ஓலையும் சொல்லவில்லை, மகாராஜா! ஓலையில் இல்லாத உரிமை உலகத்தில் இல்லை. இவளை நாடு கடத்துங்கள்" என்றார் பஞ்சநதம்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "ஆமாம், உரிமை நான் கொடுப்பதுதானே!"

மந்திரி மெல்ல எழுந்தார். "ஒரு சின்னச் சந்தேகம், பண்டிதரே. மனிதன் தண்ணீர் குடிக்கலாம் என்று எந்த ஓலையில் இருக்கிறது?"

"இருக்கும், எங்கே போகும்?"

"அப்படியானால் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். கிடைக்கும்வரை குடிக்காதீர்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போனது. தண்ணீர்ப் பானைக்கு முன்னால் ஒரு ஈட்டிக்காரனை நிறுத்தினான்.

நல்ல சித்திரை வெயில். பண்டிதர் ஆரம்பித்தார். கழுதை எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று ஒரு ஓலை, மாப்பிள்ளை மீசை எத்தனை விரல் நீளம் என்று ஒரு ஓலை. இருநூறில் குரல் கம்மியது. முந்நூறில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மனுஷர் பானையை நோக்கிப் பாய்ந்தே விட்டார்! ஈட்டி குறுக்கே வந்தது.

"எந்த ஓலைப்படி, பண்டிதரே?" என்றார் மந்திரி.

"அட, தாகத்துக்கு ஏதய்யா ஓலை!"

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்துத் தலையசைத்தான். ஈட்டி விலகியது. பண்டிதர் மடக் மடக்கென்று குடித்தார்.

"அப்போ என் ஓலையெல்லாம் வீண்தானா?" என்றான் ராஜா.

"இல்லை மகாராஜா. தாகம் இவரோடு பிறந்தது, அதை நீங்கள் கொடுக்கவில்லை. ஆனால் நீங்கள் தலையசைக்காவிட்டால் செத்திருப்பார். குறுக்கே நிற்கும் ஈட்டியை விலக்கத்தான் சட்டம். அந்தக் கர்ப்பிணிக்குப் பிழைக்கும் தாகம் இருந்ததே, அதற்கும் இதே நியாயம்தான்."

ராஜா முகம் மாறியது. "வயிற்றில் இருந்ததே, அதற்கும் அந்தத் தாகம் இருந்திருக்காதா?"

மந்திரி சீனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சீனியம்மாதான் பேசினாள். "இருந்திருக்கும், சாமி. அதனாலேதான் மூணு நாள் ரெண்டு உசிரையும் இழுத்துப் பிடிச்சுப் பார்த்தேன். முடியலை. சும்மா இருந்திருந்தா ரெண்டுமே போயிருக்கும். ஒண்ணையாவது காப்பாத்துவோம்னு மருந்து கொடுத்தேன். கொடுத்துட்டு அழுதேன்."

ராஜா அவளை விடுவித்தான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். "பண்டிதரே, இதற்கு ஒரு ஓலை வேண்டும். இந்த அம்மா சொல்லச் சொல்ல நீர் எழுதும்" என்றான்.

பண்டிதர் எழுத்தாணியோடு சீனியம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "சொல்லும்மா, முதல் வரி என்ன?"

"அது கிடக்கட்டும் சாமி. நாலு நாளா நான் உள்ளே கிடந்தேன். அந்தப் பொண்ணு எந்திரிச்சு உட்கார்ந்தாளா? கஞ்சி ஏதாவது குடிச்சாளா?"

சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. யாருமே கேட்கவில்லையே! ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, குயவர் தெருவுக்கு வழி கேட்டான்.