கல்லை மூட ஒரு கம்பளி

"பிடி அவளை! போடு சிறையில்!"

அரசர் தழல்வாணர் கத்திய கத்தலில் அரண்மனைக் கூரையிலிருந்த பனி பொத்தென்று விழுந்தது. மேப்பிள் மரம் மண்டிய அந்த வடக்குப் பனிநாட்டில் அவருக்கு மட்டும்தான் எப்போதும் சூடு.

எதிரே நின்றவள் ஆப்பக்கடை உலகம்மை. முழங்கால் வீங்கி அரண்மனை வைத்தியசாலைக்குப் போனவள். பதினோரு மாதமாக டோக்கனும் கையுமாகக் காத்திருக்கிறாள். பொறுக்கமாட்டாமல் சந்தையில் சொல்லிவிட்டாள்: "நம்ம ராசா வைத்தியசாலைக்குக் கால் ஒடிஞ்சு போனா, கூப்பிடுறதுக்குள்ள எலும்பு தானா கூடிடும்."

சந்தையே சிரித்தது. அதுதான் குற்றம்.

ஆனால் சிறையில் தள்ள ஒரு தடை. அரண்மனை வாசலில் உரிமைக் கல். அரசரின் பாட்டனார் நட்டது. 'இந்நாட்டில் யாரும் அரசைக் குறை சொல்லலாம்' என்று வெட்டியிருந்தது.

அமைச்சர் பெருங்கிள்ளி குனிந்தார். "மன்னா, அடியில் இன்னொரு வரி உண்டே. அவசரமென்றால் அரசர் கல்லைக் கம்பளியால் மூடலாம். ஐந்து வருடம் அந்த உரிமை தூங்கும்."

"பாட்டனார் பாட்டனார்தான்! மிளகா, வா இங்கே!"

வாய்க்கொழுப்புக்கென்றே சம்பளம் வாங்கும் விகடகவி மிளகன் முன்னே வந்தான்.

"பொழுது சாய்வதற்குள் கல்லை மூடு. அரண்மனைக் கிடங்கில் கம்பளி வாங்கிக்கொள். தவறினால் நீயும் உள்ளே."

"சட்டப்படியே வாங்கட்டுமா, மன்னா?"

"வேறெப்படி? என் நாட்டில் எல்லோருக்கும் ஒரே வரிசை!" அரசர் மீசையை முறுக்கினார். அதில் அவருக்குத் தலைகொள்ளாப் பெருமை.

உலகம்மை மிளகனை முறைத்தாள். "நல்லா இருப்பா நீ. எங்கிட்ட எத்தனை ஓசி ஆப்பம் தின்னிருப்ப?"

"பதினாறு, அக்கா. காலை நீட்டி உக்காரு, வந்துடறேன்."

சாயங்காலம் வந்தான். கையில் கம்பளி இல்லை. டோக்கன் இருந்தது.

"எங்கேடா கம்பளி?"

"விண்ணப்பம் கொடுத்தாச்சு, மன்னா. முதலில் நூல் பார்ப்பவர் பார்க்கணும். அப்புறம் அளவுகாரர். அப்புறம் அளவுகாரரைச் சரிபார்ப்பவர். எனக்கு முன்னால் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அடுத்த வருடம் மாசியில் கூப்பிடுவார்களாம்."

அரசர் எகிறினார். "ஒரு கம்பளிக்கு ஒரு வருடமா? இது வரிசையா, அனுமார் வாலா? எந்த மடையன் நடத்துகிற அரசாங்கம் இது?"

பெருங்கிள்ளி கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவா, மன்னா, மெதுவா," என்றான் மிளகன். "நல்லவேளை, கல் இன்னும் திறந்து கிடக்கிறது. சொன்னபடி மூடியிருந்தால், இந்நேரம் உலகம்மைக்குப் பக்கத்துச் சிறையறையில் நீங்கள்!"

முதலில் உலகம்மை சிரித்தாள். அப்புறம்தான் அரசர். சிரித்துச் சிரித்துக் கிரீடம் சரிந்தது. வைத்தியர் அவைக்கே ஓடிவந்து முழங்காலைப் பார்த்தார். மிளகனுக்கு ஒரு குடம் மேப்பிள் பாகு.

மறு வருடம் மாசியில் கிடங்குக்காரன் தொண்டை கிழியக் கூவினான்: "டோக்கன் நானூற்றுப் பதின்மூன்று!"

மிளகன் உலகம்மை கடையில் ஆப்பத்தில் பாகு ஊற்றிக்கொண்டிருந்தான். போன வருடம் கல்லை மூடச் சொன்னார் அரசர். யாரும் மூடவேயில்லை.